மாட்டுப்பட்டியில் ஒரு பனிக்காலை

ரயில்வேயில் ஊழியம் செய்கிறவனுக்கு மூடுபனி என்றவுடன் முதலில் கவலைதான் நினைவுக்கு வரும். பனி இறங்கிவிட்டால் சிக்னல் விளக்கு எஞ்சின் ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படாது. அதன் பொருட்டு எங்கள் விதிப் புத்தகத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. நிலைய அதிகாரியின் அறையிலிருந்து 180 மீட்டர் தூரத்திலுள்ள ஏதேனும் ஒரு கம்பத்தையோ வேறு பொருளையோ அடையாளமாக வைத்துக்கொள்வார்கள். அது கண்ணுக்குத் தெரியாமற் போனால், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னதாகத் தண்டவாளத்தின்மேல் வெடிகள் வைக்கப்படும். எஞ்சின் ஏறியதும் அவை படீரென்று ஒலிக்கும். கண் காணாததைக் காது அறிவிக்க, ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். வடநாட்டில் மார்கழி, தை மாதங்களில் இது வழக்கமான வேலை. பாலக்காட்டுப் பக்கத்தில் மிக அபூர்வம்.

இவ்வாறு பனியைக் கண்டு அஞ்சுகின்ற இலாகாவில் எழுத்தனாக இருக்கும் நான், ஓய்வு நாட்களில் அதே பனியைத் தேடிக்கொண்டு நீர்க்கரைகளுக்குக் கேமராவுடன் செல்கிறவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. படக்கலையை யாரிடமும் முறையாகப் பயிலவில்லை. ஆயினும் பட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு. அவற்றையும், சென்ற தை மாதம் மூணாற்றில் என் அத்தை எனக்குக் கற்பித்த ஒன்றையும் நமது சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

நான் முதலில் பனியைப் பழகியது மலம்புழையில். ஒலவக்கோட்டிலுள்ள நம் ரயில் நிலையத்திலிருந்து அது சுமார் 10 கிலோமீட்டர் தூரம். மலபார் சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த காலத்தில் கட்டப்பெற்ற அணை அது; 1955-இல் அன்றைய முதலமைச்சர் காமராசர் அவர்கள் திறந்து வைத்தார்கள். மறு ஆண்டு நவம்பர் முதல் தேதியில் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. இரவு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே சைக்கிளில் அங்கே போய்விடுவேன். வாளையார் மலைத்தொடரின் அடியில், நீர்ப்பரப்பின்மேல் பால் ஆவி போலப் பனி எழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ஆனால் பாலக்காட்டில் பனியை நம்பிப் புறப்பட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கீழைக்காற்று அவ்வாயின் வழியே புகுந்து பனைமரங்களை ஆட்டிக்கொண்டு ஓடும். பனிக்கு ஆகாத பகை காற்று. பறளியில் கல்பாத்திப் புழையும் கண்ணாடிப் புழையும் கூடிப் பாரதப்புழையாகும் இடத்தில் ஐந்து நாள் தொடர்ந்து நின்றும் ஒருநாள்கூட எனக்குப் பனி கிட்டவில்லை. மணலும் காற்றுந்தான் கிட்டின.

பனி எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே என் வீண் அலைச்சல் குறைந்தது. மேகமற்ற இரவில் தரை தன் சூட்டை வானுக்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, மலைச்சரிவுகளில் தண்ணீர் போலவே கீழே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அப்பள்ளத்தில் ஏரியோ ஆறோ இருந்தால், அதன் நீர் காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் ஈரம் குளிர்காற்றில் பட்டு மிக நுண்ணிய துளிகளாக உறைகின்றது. ஒரு துளியின் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லையானால் அதனை மூடுபனி என்று வானிலை இலாகாவினர் குறிக்கிறார்கள். ஆகவே தெளிந்த இரவு, அசையாத காற்று, பள்ளத்தில் நீர் ஆகிய மூன்றும் கூடினால் பனி வரும். ஒன்று குறைந்தாலும் வராது.

நம் முன்னோர் இதனையெல்லாம் வேறு வழியில் உணர்ந்திருந்தார்கள் போலும். மருத நிலத்துக்கு உரிய சிறுபொழுதுகளில் வைகறையை வைத்தார்கள். குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதுகளில் முன்பனியை வைத்தார்கள். நீர்க்கரைக்கு வைகறையும், மலைக்கு முன்பனியும் என்றால், மலைமேலுள்ள நீர்க்கரையை முன்பனிக் காலத்து வைகறையில் காண்பதே முறை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். நம் அண்டை வீட்டு மலையாளிகள் பனியை ‘மஞ்ஞு’ என்கிறார்கள். நம் பழைய நூல்களில் மஞ்சு என்பது மேகம். மூணாற்றில் நின்று பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றே என்பது விளங்கும்.

நிற்க. மூணாற்றில் எனக்குப் பனியைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. என் தந்தையாரின் தங்கை, கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பதாம் வயதில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். என் தந்தையார் ரயில்வேயில் கேங்மேனாகி ஒலவக்கோட்டுக்கு வந்தார், அத்தை மலையேறினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர், ஒருவர் தண்டவாளத்துக்கும் மற்றவர் தேயிலைக்கும் போனார்கள். நம் சங்கத்தில் பல குடும்பங்களின் கதையும் இதுவாகவே இருக்கும்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டைக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து மூணாறு பஸ் ஏறினேன். சுமார் 85 கிலோமீட்டர் மலைப்பாதை. சின்னாறு வனத்தைக் கடக்கும்போது எல்லையும் கடந்துவிடுகிறது. மழை மறைவுப் பிரதேசமாகையால் அங்கே முட்செடிகளும் வறண்ட பாறைகளுமே மிகுதி. கேரளத்து ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. அவற்றுள் ஒன்றாகிய பாம்பாறு இப்பக்கந்தான் ஓடுகிறது. சின்னாற்றோடு கூடி அமராவதியாகித் தமிழ்நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. மறையூரில் சந்தன மரங்களும் கரும்பாலைகளும் தென்படுகின்றன. அதற்கு மேல் ஏற ஏறத் தேயிலை. காற்றின் சுவையே மாறிவிடுகிறது.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுவதால் மூணாறு என்று பெயர். பூஞ்ஞாற்று அரசர் 1877-இல் இம்மலையை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு விட்டார். அதன்பின் காடு தோட்டமாயிற்று. கங்காணிமார் அழைத்துவந்த தென்பாண்டிச் சீமை மக்கள் போடி வழியாக மலையேறி அத்தோட்டங்களை உண்டாக்கினார்கள்.

ரயில்வேக்காரன் மூணாறு சென்றால் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை நினையாமல் இருக்க இயலாது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைப் பூட்டி வண்டி இழுத்தார்கள். 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள குறும்பாதையாகி, நீராவி எஞ்சின் ஓடலாயிற்று. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த ரயிலால் வந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பின்பு போடி சென்று, தூத்துக்குடியில் கப்பலேறின. 1924 ஜூலையில் பெய்த பெருமழையில், மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிற அவ்வெள்ளத்தில், பாதை முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது. மீண்டும் போடவே இல்லை. மூணாற்றுத் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த எஞ்சினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. பழைய புகைப்படங்கள் சிலவும் இருக்கின்றன. அப்படங்கள் மட்டும் இல்லாதிருப்பின், இம்மலைமேல் ரயில் ஓடியது என்று நான் என் அலுவலகத்தில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்த ரயில் சென்ற வழியில்தான் மாட்டுப்பட்டி இருக்கிறது. 1950-களில் அங்கே அணை கட்டினார்கள். 1963-இல் இந்திய-சுவிட்சர்லாந்து ஒப்பந்தப்படி அங்கே கால்நடைப் பண்ணை தொடங்கப்பட்டு, சுநந்தினி என்னும் கலப்பினப் பசு உருவாயிற்று. பெயருக்கேற்ற ஊர்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அத்தை வீட்டிலிருந்து ஜீப்பில் புறப்பட்டேன். ஏரிக்கரையை அடைந்தபோது ஐந்தே முக்கால். ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு, “சார், கொஞ்ச நேரம் இறங்காதீங்க” என்றார். கரைப் புல்வெளியில் யானைகள் மேய வருவது அங்கே வழக்கம். பனியில் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, புல்லைப் பிடுங்கும் ஓசை கேட்கிறதா என்று காதைக் கொடுத்திருந்தோம். எங்கள் தண்டவாளத்து வெடி நினைவுக்கு வந்தது. அரை மணி கழித்து, ஒன்றுமில்லையென்று தெரிந்தபிறகே இறங்கினோம்.

அப்போது கண்ட காட்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரி இருந்தது என்பதற்கு அடையாளமாக, காலடியில் நாலு முழம் கறுத்த நீர் தெரிந்தது. அதற்கு மேல் எல்லாம் வெண்மை. சிறிது நேரத்தில் கரையோரத்து மரமொன்று தலை காட்டிற்று. அதன் பின்னே சற்று மங்கலாக மற்றொன்று. அதன் பின்னே சாயலாக ஒரு குன்று. சூரியன் எழுந்ததும் நீலம் மாறிப் பொன்னாகி, எட்டு மணிக்குள் எல்லாம் கலைந்துவிட்டது.

இங்கே படமெடுக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள் சொல்லவேண்டும். கேமரா தன் முன்னுள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதும். ஆகவே வெண்பனியை அழுக்கு வேட்டி போல ஆக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்தால் பனி பனியாகவே விழும். கைப்பேசியில் எடுப்போர் திரையைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் போதும். இரண்டாவது, பனியில் தானியங்கிக் குவியம் தடுமாறும். பற்றிக்கொள்ள அதற்குக் கரிய விளிம்பு ஒன்று வேண்டும். மரத்தின் அடிப்பகுதி, படகின் ஓரம், கரைக்கல் ஆகிய ஏதேனும் ஒன்றைக் குறிவைக்க வேண்டும். மூன்றாவது, குளிரில் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நலம். நான்காவதை நான் அவமானப்பட்டுக் கற்றேன். முதல் நாள் குளிரில் நின்ற கேமராவை அப்படியே அத்தையின் அடுப்படிக்குள் கொண்டுபோய்த் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். லென்சு முழுவதும் வியர்த்துக் குருடாகிவிட்டது. குளிர்ந்த பொருளில் சூடான ஈரக்காற்றுப் பட்டால் நீர் படியும் என்பது பள்ளியில் படித்த பாடமே. வீட்டுக்குள் நுழையுமுன் பையை இறுக மூடி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

நமது ரயில்வே விதியும் எனக்கு இங்கே உதவுகிறது. தொலைவிலுள்ள ஒரு மரத்தை அடையாளப் பொருளாக வைத்துக்கொள்வேன். அது முற்றிலும் மறைந்திருந்தால் காத்திருப்பேன்; நிழலாகத் தெரியத் தொடங்கும்போது எடுப்பேன்; முழுதும் தெரிந்துவிட்டால் பெட்டியை மூடிவிடுவேன்.

அன்று எடுத்த படங்களில் ஒன்று எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வரும் வழியில், லயத்துக்குக் கீழேயுள்ள ஓடையை ஒரு மேட்டிலிருந்து எடுத்தது அது. ஓடைக்கரையில் இரண்டு மரங்கள், மற்றதெல்லாம் பனி. தகரக் கூரைகள், மின்கம்பிகள், குழாய்கள், கொடியில் உலரும் துணிகள் யாவும் மறைந்திருந்தன. மாலையில் அத்தை கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் பெருமையோடு காட்டினேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குய்யா. நம்ம லயம் எங்க?”

“பனிக்குப் பின்னால் இருக்கிறது, அத்தை.”

“நான் துவைக்கிற கல்லு?”

“அதுவும் பனிக்குள்தான்.”

“எல்லாம் மறைஞ்ச பொறவு பார்த்து எடுத்திருக்க” என்று சொல்லிவிட்டு, கேமராவைத் திருப்பித் தந்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. ஆயினும் எனக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதானே! லயம் படத்தில் விழுந்தால் அழகு கெட்டுப்போகும் என்றுதான் நான் அது மறையும்வரை அந்த மேட்டில் நின்றிருந்தேன்.

இரவு அடுப்படியில் உட்கார்ந்து அத்தை பேசினார். பங்குனியோடு அவருக்குப் பணி ஓய்வு. தோட்டத்து வீடு வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது தோட்டங்களின் பொது வழக்கம். மகனோ மகளோ அங்கே வேலை செய்தால் வீடு தொடரும். அத்தையின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாமா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆயின. ஆகவே முப்பத்தொன்பது ஆண்டு குடியிருந்த வீட்டை விட்டு அத்தை ஊருக்குத் திரும்பவேண்டும். “பனிய நீ அழகுங்க. காலையில ஓடைக்குப் போனா முன்னால நிக்கிறது மாடா யானையான்னு தெரியாது. உறைபனி விழுந்தா கொழுந்து கருகிப்போகும். அன்னிக்கு எடை கிடையாது” என்றார். சற்று நேரம் பேசாமலிருந்து, “பெட்டிமுடியில மண்ணு சரிஞ்சப்போ ஆளும் போச்சு, வீடும் போச்சு. அவுக இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல பாரு” என்றார்.

அந்தத் துயரத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, ராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், வெளியுலகம் மறுநாள் காலையில்தான் அறிந்தது. அத்தையின் லயத்திலிருந்து துக்கத்துக்குப் போகாத வீடு இல்லையாம்.

மறுநாள் நான் ஏரிக்குப் போகவில்லை. அத்தை வேலைக்குப் புறப்படுமுன், ஆறரை மணிக்கு ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றேன். முந்தின நாள் நின்ற மேட்டை விட்டு, நீரின் ஓரத்திலேயே இறங்கி நின்றேன். அத்தை தாம் துவைக்கும் கல்லின் பக்கத்தில் குடத்தோடு நின்றார். தலையில் கம்பளித் துண்டு; காலில் தோட்டத்துப் பூட்சு. பத்தடி தூரத்திலிருந்து பார்க்க, அவர் தெளிவாகத் தெரிந்தார். அவருக்குப் பின்னால் பனி.

இம்முறை என் அடையாளப் பொருள் லயத்துக் கூரை. அது தெரியும்வரை எடுப்பதில்லை என்று நின்றேன். ஏழு மணியாயிற்று. “நேரமாச்சுய்யா” என்றார் அத்தை. “இன்னும் ஐந்து நிமிஷம், அத்தை” என்றேன். ஏழே காலுக்குக் குன்றின் தோளில் வெயில் பட்டது. பனி ஒருமுறை அசைந்து மேலெழுந்தது. முதலில் கூரையின் விளிம்பு தெரிந்தது. பிறகு வரிசையாகப் பத்து வாசல்கள். நாலாவது வாசலில் அத்தை வீட்டு நீலக் கதவு. அந்த வேளையில் நாலைந்து படங்கள் எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு இறங்கி வந்து ஓரத்தில் நின்றுவிட்டாள். அவளையும் விலகச் சொல்லவில்லை.

போட்டிக்கு அனுப்பினால் இப்படம் முதற்சுற்றிலேயே தள்ளப்படும். மின்கம்பி குறுக்கே ஓடுகிறது, துணிக்கொடியும் தெரிகிறது. ஆனால் பாலக்காட்டில் அதனைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, பங்குனியில் அத்தை சாமான்களை ஏற்றிய நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லயத்துக்காரர்கள் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். “இது எங்க வாசல்”, “இது நம்ம குழாய்” என்று விரல் வைத்துக் காட்டினார்கள். மரங்கள் மட்டும் தெரியும் முதற்படத்தை ஒருவரும் கேட்கவில்லை. அத்தை பூப்பாறை, போடிமெட்டு வழியாக மலையிறங்கினார். 2010-இல் நின்றுபோன போடி ரயில் அகலப் பாதையாகி 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுவதால், போடியில் ரயிலேற்றிவிட எனக்கு வசதியாயிற்று. சட்டம் போட்ட படத்தை லக்கேஜில் போட ஒப்பாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

நம்மில் பலர் குவார்ட்டர்ஸ்களில் இருக்கிறோம்; சிலர் வாடகை வீடுகளில் இருக்கிறோம். உத்தியோகம் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியவர்களே. பண்டிகை நாளில் புத்தாடை உடுத்திச் சுவரோரம் நின்று எடுத்த படங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். தண்ணீர் பிடித்த குழாயடியும், துவைத்த கல்லும், பிள்ளைகள் நீந்தப் பழகிய ஆற்றுத்துறையும் எத்தனை வீட்டு ஆல்பத்தில் இருக்கின்றன? கல்பாத்திப் புழைக்கரையிலும் மலம்புழைக் கால்வாய் ஓரத்திலும் குடியிருக்கும் அன்பர்கள் இந்த முன்பனிக் காலத்தில் ஒருநாள் வைகறையில் எழுந்து பார்க்கவேண்டும். பனி மூடியிருக்கும்போது அழகுக்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. அதன்பின் பெட்டியை மூடிவிடாமல், வீட்டிலுள்ள பெரியவர்களைக் கரையில் நிறுத்தி, பின்னாலுள்ள வீடு தெரியும்வரை காத்திருந்து இன்னொன்றும் எடுத்துவிடுவார்களாக.

அத்தையின் லயத்திலிருந்து இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் அவ்வாறு ஒரு படம் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு இந்த ஆண்டே ஓய்வு. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் எடுத்து வரவேண்டும்.